இழுத்தால் வரும் கிளி

பேருந்து பசுமலையைத் தாண்டியபோது மங்கையர்க்கரசி கைப்பைக்குள் விரலை விட்டு அந்தத் துண்டு இருக்கிறதா என்று மறுபடியும் தொட்டுப் பார்த்தாள். இருந்தது. இருக்கத்தான் செய்யும், அதுதானே பிரச்சினை. சுண்டுவிரல் நீளத்தில் ஒரு கெட்டி அட்டைத் துண்டு. அது இந்நேரம் ஆஸ்பத்திரியில், ஒரு வாழ்த்து அட்டைக்குள், காகிதக் கிளி ஒன்றின் காலடியில் குறுக்காக ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். காலையில் மேசையைத் துடைக்கும்போது பசை டப்பாவுக்கு அடியில் கிடந்தது. முதலில் குப்பை என்றுதான் நினைத்தாள். கூடையில் போடப் போன கை அப்படியே நின்றுவிட்டது. அட்டையில் ஒரு மரம், மரத்தில் ஒரு பொந்து, பொந்துக்குப் பின்னால் ஓர் உறை, உறைக்குள் மேலும் கீழும் ஓடுகிற ஒரு பட்டை, பட்டையின் தலையில் கிளி. மூக்கைப் பிடித்து இழுத்தால் கிளி பொந்திலிருந்து எட்டிப் பார்க்கும், விட்டால் உள்ளே போகும். முழுக்க வெளியே வந்துவிடாமல் பிடித்து நிறுத்துவதற்குத்தான் பட்டையின் அடியில் இந்தக் குறுக்குத் துண்டு. இது இல்லாவிட்டால் இழுத்த இழுப்புக்குக் கிளி பட்டையோடு கையில் வந்துவிடும். வந்தால் என்ன, காகிதக் கிளிதானே, குழந்தை மறுபடியும் சொருகி விளையாடட்டும் என்று விட்டுவிடலாம். பட்டையின் பின்பக்கம் மட்டும் வெறும் அட்டையாக இருந்திருந்தால் விட்டுவிடலாம்.

பின்பக்கத்தில் மாமனாருடைய கருமாதிப் பத்திரிகை இருந்தது. கறுப்புக் கரை போட்டது. சிவபதம் அடைந்தார் என்று அச்சடித்தது. உள்ளே போகிற பக்கம்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று முன்பக்கத்துக்கு மட்டும் பச்சைக் காகிதம் ஒட்டியது அவள்தான், வேறு யாருமில்லை. கல்யாணப் பத்திரிகைகள் அட்டை வேலைக்கு ஆகாது. பளபளப்பு, ஜிகினா, மடித்தால் முறிந்து வெள்ளை தெரியும். கருமாதிப் பத்திரிகையை ஒருவரும் அலங்காரம் பண்ணுவதில்லை. நல்ல கெட்டி வெள்ளை அட்டை, கத்தரிக்கோலுக்கு வெண்ணெய் மாதிரி. அதில் ஒரு கட்டு பரண்மேல் சும்மா கிடந்தது. முந்நூறுக்குக் குறைந்து அடிக்க மாட்டோம் என்று அச்சகத்தில் சொன்னார்களாம், அவள் வீட்டுக்காரர் சிதம்பரநாதன் சரியென்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். தொண்ணூறு தாண்டியவரின் காரியத்துக்கு அழைக்க ஆள் வேண்டுமே. பழைய டைரியைப் புரட்டி அவர் ஒவ்வொரு பெயராகப் படிக்க, அவள் காய் நறுக்கிக்கொண்டே ‘போய்ட்டார்’, ‘அவரும் போய்ட்டார்’ என்று சொல்லிக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. அப்படி மிஞ்சிய கட்டு. இதையெல்லாம் வீட்டில் வைக்கக் கூடாது, படித்ததும் கிழித்துப் போட்டுவிட வேண்டும் என்று எதிர்வீட்டு லோகாம்பாள் சொன்னாள். பேப்பருக்கு என்ன தீட்டு என்று மங்கையர்க்கரசி சிரித்தாள். மின்வாரிய அலுவலகத்தில் முப்பது வருஷம் கோப்புகளோடு இருந்தவளுக்குக் காகிதம் காகிதம்தான். ஒரு பக்கம் எழுதியிருக்கும், ஒரு பக்கம் எழுத இடமிருக்கும். அப்படிச் சிரித்தவள்தான் இப்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உள்ளங்கை வேர்த்து, கம்பியின் துரு வாசனை கையில் ஏற உட்கார்ந்திருக்கிறாள்.

“உள்ள போங்க உள்ள போங்க, உள்ள என்ன புலியா நிக்கிது?” என்று நடத்துநர் படிக்கட்டில் தொங்கியவர்களை விரட்டினார். “புலி இல்லண்ணே, உங்க வீட்டுக்காரம்மா நிக்கிறாங்க” என்று எவனோ சொல்ல, முன்பக்கம் முழுக்கச் சிரிப்பு. நடத்துநரும் சிரித்தார். மங்கையர்க்கரசிக்கும் உதடு லேசாக விரிந்தது, விரிந்த உதடு அப்படியே மறந்துபோய் நின்றது, ஏனென்றால் அதற்குள் மனசு பட்டைக்குப் போய்விட்டது. குறுக்குத் துண்டு இரண்டு வெட்டினோமா, ஒன்றா? ஒன்று கோணலாகப் போய் இன்னொன்று வெட்டி ஒட்டியிருந்தால் இது அந்தக் கோணல் துண்டாக இருக்கலாம். இருக்கலாம். ஆனால் இது கோணலாக இல்லையே. ஸ்கேல் வைத்து வெட்டினதுபோல் இருக்கிறது. நேற்று மத்தியானம் பசை தடவிய நினைவு இருக்கிறது, விரல் நுனியில் காய்ந்த பசையைத் தோல் மாதிரி உரித்துப் போட்ட நினைவு இருக்கிறது, ஒட்டிய நினைவு மட்டும் இல்லை. வீட்டைப் பூட்டினோமா என்று பாதித் தெருவில் நிற்பதுபோல. பூட்டியிருப்போம், எப்போதும் பூட்டுகிறோம், கை தானாகப் பூட்டும். ஆனால் நேற்று குக்கர் விசில் அடித்தது, எழுந்து போனாள், திரும்பி வந்தபோது செலின் வாசலில் நின்றாள். செலின் மேரிதான் ஆஸ்பத்திரிக்கு அட்டைகளை வாங்கிக்கொண்டு போகிறவள். இவர்கள் எட்டுப் பத்துப் பெண்கள் அட்டை செய்வார்கள், காகிதப் பூ செய்வார்கள். கொஞ்சம் விற்று மருந்துக்குக் கொடுப்பார்கள், கொஞ்சம் குழந்தைகளுக்கே கொடுப்பார்கள். ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் அட்டை. கனிஷ்கா என்று ஒரு பிள்ளை, உசிலம்பட்டிப் பக்கம், ஆறு வயசு, இதயத்தில் ஓட்டை, கிளிதான் வேண்டும் என்று கேட்டிருக்கிறது. வெறும் கிளி இல்லையாம், பொந்துக்குள் இருக்கிற கிளியாம். “ஆட்டோ நிக்கிதுக்கா, சீக்கிரம்” என்றாள் செலின். மங்கையர்க்கரசி அப்படியே எடுத்து நீட்டிவிட்டாள். ஒட்டவில்லை. ஒட்டவே இல்லை. இதற்கு மேல் என்ன யோசனை.

சரி, ஒட்டவில்லை, கிளி வெளியே வந்துவிட்டது, அந்த அம்மா பின்பக்கத்தைப் பார்த்துவிட்டாள். பார்த்தால் என்ன ஆகும்? எழுத்துதானே. யாரோ ஒரு கிழவர் போய்ச் சேர்ந்தார் என்று எழுதியிருக்கிறது, அதற்கும் அந்தப் பிள்ளையின் இதயத்துக்கும் என்ன தொடர்பு. ஒன்றுமில்லை. இதை மங்கையர்க்கரசி யாரிடமும் வாதாடி ஜெயிப்பாள். ஆனால் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருக்கிற ஒருத்தியிடம் போய் வாதாட முடியாது. அவள் அந்த எழுத்தைப் பார்ப்பாள். கறுப்புக் கரையைப் பார்ப்பாள். இதை எனக்கு யார் கொடுத்தார்கள், ஏன் கொடுத்தார்கள் என்று கேட்பாள். உள்ளே பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால் காலம் பூராவும் இந்த அட்டையைத்தான் சொல்வாள். அவள் நினைப்பாளே என்றுதான் பயம், எனக்கென்று ஒன்றுமில்லை. அப்படியா? அவளுக்காக மட்டுமா? அப்படியென்றால் காலையில் கூடைக்கு மேலே கை ஏன் நின்றது? அந்த நேரம் அவள் நினைத்தது அந்த அம்மாவை இல்லை. அந்த நேரம் நினைத்தது மாமனாரை. ‘போயும் போயும் இந்த மனுசன் பேரையா அந்தப் பிள்ளை கையில் கொடுத்தேன்’ என்றுதான். காகிதம் காகிதம்தான் என்கிறவளுக்கு யார் பேர் அச்சடித்திருந்தால் என்ன? மனசு இந்த இடத்தில் வந்து முட்டிக்கொண்டு நின்றது, பேருந்தும் பழங்காநத்தம் சிக்னலில் நின்றது.

கைப்பேசி அடித்தது. செலின். “என்னக்கா, அஞ்சாறு மிஸ்டு கால் கெடக்கு? சர்ச்ல பூசைல இருந்தேன்.” மங்கையர்க்கரசி குரலைத் தாழ்த்தினாள். பக்கத்து இருக்கைப் பெண் மடியில் முருங்கைக்காய்க் கட்டோடு காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். “அந்தக் கிளி அட்டை குடுத்தாச்சா?” “நேத்து சாயங்காலமே குடுத்தாச்சு. புள்ள கையவிட்டு எறக்கலையாம். இன்னிக்கிக் காலைல சீக்கிரமே உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்களாம், நர்ஸ் சொல்லுச்சு.” “அவங்க அம்மா?” “முத்துப்பேச்சியா? அது வெளியதான் உக்காந்துருக்கும், வேற எங்க போகும். ஏன்க்கா, கொரல் ஒரு மாதிரி இருக்கு?” கருமாதிப் பத்திரிகை என்ற சொல்லை முருங்கைக்காய்க்காரிக்குப் பக்கத்தில் வாயால் சொல்ல முடியவில்லை. “பசை சரியா ஒட்டலையோன்னு ஒரு சந்தேகம்.” “பசைக்கா இத்தன தடவ கூப்புட்டீங்க! போங்கக்கா, நான்கூட உங்க வீட்டுக்காரருக்கு என்னமோன்னு பயந்துட்டேன்.” வைத்துவிட்டாள். வைத்த பிறகுதான் அட்டை இப்போது யாரிடம் இருக்கும் என்பது உறைத்தது. உள்ளே ஒன்றையும் கொண்டுபோக விட மாட்டார்கள். பிள்ளை அம்மாவிடம்தான் கொடுத்துவிட்டுப் போயிருக்கும். அம்மாவுக்குக் கையில் வேலை எதுவும் இருக்காது. மணிக்கணக்காக ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவள் கையில் இருப்பதைத்தான் நோண்டுவாள். கிளியை மேலே இழுப்பாள், விடுவாள், மேலே இழுப்பாள்.

வெட்டின பட்டையில் எந்த வரி வந்திருக்கும்? கறுப்புக் கரையிலிருந்து நாலு வரி அகலம். பேர் கட்டாயம் வந்திருக்கும், ஏனென்றால் பேரை விட்டுத் தள்ளி அவள் வெட்டவில்லை, வேண்டுமென்றே அதன் ஓரமாகத்தான் வைத்து வெட்டினாள். ஆவுடையப்பன். அந்தப் பேர் கொட்டை எழுத்தில் கத்தரிக்கோல் வாயோரம் வந்தபோது உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் இருந்தது. இருந்தது, இப்போது இல்லையென்று சொல்லி என்ன ஆகப்போகிறது. அந்த மனுசர் தினமும் காலையில் பேப்பர் வந்ததும் முதலில் மரண அறிவிப்புப் பக்கத்தைத்தான் விரிப்பார். அடுப்படிக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகப் படிப்பார். ‘மங்கை, இன்னிக்கு நாலு பேரு. நாலுமே என்னையவிடச் சின்னப் பயலுக.’ அதைச் சொல்லிவிட்டு இன்னொரு தோசை கேட்பார். மெல்லிசாக வார்த்தால் கஞ்சத்தனம், கனமாக வார்த்தால் கைவராத சமையல். அவளுக்குப் பதவி உயர்வு திண்டுக்கல்லுக்கு வந்தபோது அப்பாவை யார் பார்த்துக்கொள்வது என்றார் சிதம்பரநாதன், போகவில்லை. மகள் புனேயில் பிள்ளை பெற்றபோது அப்பாவை யார் பார்த்துக்கொள்வது, போகவில்லை. பேரனை முதலில் பார்த்தது கைப்பேசியில். அப்பாவோ கல்லு மாதிரி இருந்தார். சர்க்கரை இல்லை, கொதிப்பு இல்லை, கண்ணாடி இல்லாமல் பேப்பர் படித்தார். ஒருநாள் அடுப்புக்கு முன்னால் நின்று, எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும்போது, இது எப்போது முடியும் என்று நினைத்தாள். வாயைத் திறக்கவில்லை, நினைத்தாள். நினைத்ததற்கு அப்புறமும் அவர் ஏழு வருஷம் இருந்தார். ஒரு போளி சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை. ஒரு சிரமமும் இல்லை, அவருக்கு. அதனால்தான் இந்தப் பயம். தீட்டும் இல்லை, சகுனமும் இல்லை. அந்தப் பேரோடு தான் ஒட்டி வைத்தது இன்னொன்று, அந்த அடுப்படி நினைப்பு. ஒருத்தர் போகட்டும் என்று நினைத்த நினைப்பு அந்த அட்டையின் பின்பக்கத்தில் இருக்கிறது, ஒரு குழந்தை நெஞ்சைத் திறந்து படுத்திருக்கிற இடத்துக்கு அது போய்விட்டது. பைத்தியம், என்று தன்னையே சொல்லிக்கொண்டாள். உரக்கச் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது, முருங்கைக்காய்க்காரி திரும்பி, “யாரம்மா, பசைக்காரங்களா?” என்றாள்.

பெரியார் நிலையத்தில் இறங்கி வேறு பேருந்து ஏறி, வைகைப் பாலத்தில் அது ஊர்ந்து நின்றபோது, இறங்கி நடந்துவிடலாமா என்று நினைத்தாள். ஆற்றில் தண்ணீர் இல்லை, ஆகாயத்தாமரை இருந்தது, நாலு எருமை இருந்தது. எருமையைப் பார்த்ததும் மனசு சட்டென்று வேறு ஒன்றை எடுத்துக்கொண்டது, எமன், வாகனம் என்று. சே, மாடு, மாடு பால் கறக்கும், அவ்வளவுதான் என்று அதை இழுத்துப் பிடித்தாள். என்ன சொல்வது என்று பாடம் பண்ணினாள். ‘நான்தான் கிளி செஞ்சவ. பாப்பா எப்படி இருக்கா? அட்டையக் குடும்மா, பசை விட்டுப்போச்சு, ஒட்டித் தாரேன்.’ வாங்கி, திரும்பி உட்கார்ந்து, பின்பக்கத்துக்கும் பச்சைக் காகிதம் ஒட்டி, குறுக்குத் துண்டையும் ஒட்டிவிட்டால் தீர்ந்தது. பைக்குள் பசை இருக்கிறது, காகிதம் இருக்கிறது, கத்தரிக்கோல்கூட இருக்கிறது. அவள் அதற்குள் பார்த்திருந்தால்? பார்த்திருந்தால் தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லலாம். பொய். தெரிந்துதான் வெட்டினாள். ஒரு பிள்ளைக்குக் கிளி செய்யப் போய் ஒரு கிழவரை வெட்டினாள்.

ஆஸ்பத்திரி மாடியில் தியேட்டருக்கு வெளியே நீளமாகப் போட்ட பெஞ்சில் பத்துப் பேர் இருந்தார்கள். முத்துப்பேச்சி யார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. கருத்து மெலிந்த ஒரு பெண், அந்த அட்டையை மடியில் விரித்து வைத்திருந்தாள். மரம் இருந்தது, பொந்து இருந்தது. பொந்தில் கிளி இல்லை. மங்கையர்க்கரசி அவள் முன்னால் போய் நின்றாள். பாடம் பண்ணினதில் ஒரு வார்த்தையும் வரவில்லை. “நான்தான் அந்தக் கிளி…” என்று ஆரம்பித்தாள்.

“செலின் அக்கா சொன்ன மங்கை அக்காவா? உக்காருங்கக்கா!” என்று முத்துப்பேச்சி கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். கை சுட்டது. “முடிஞ்சிருச்சுக்கா. இப்பத்தான் டாக்டரு வந்து சொல்லிட்டுப் போறாரு. ஓட்டைய அடைச்சாச்சாம். ரத்தம்கூட நெனச்சதவிடக் கம்மியாத்தான் ஏத்துனாங்களாம். சாயங்காலம் கண்ணு முழிச்சிருவாளாம்.” சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். இவ்வளவு நேரம் அழுதிருக்கிறாள், இப்போதுதான் நிறுத்தியிருக்கிறாள். மங்கையர்க்கரசிக்கு முதுகெலும்பு ஒவ்வொரு கணுவாகத் தளர்ந்து பெஞ்சில் சாய்ந்தது. முடிஞ்சிருச்சு. அந்தச் சொல் காதுக்குள் போய், உடம்பெல்லாம் சுற்றி, மெதுவாக இறங்கியது. இனி எதைப் பார்த்திருந்தாலும் பரவாயில்லை என்று தோன்றியது. உடனே, பரவாயில்லையா, என்று இன்னொரு குரல்.

“கிளி…” என்றாள்.

“அத ஏன் கேக்குறீங்க. நேத்து குடுத்ததும் ஒரே இழு. கையோட வந்துருச்சு. ‘யம்மா, கிளி பறந்துருச்சு’ன்னு ஒரே சிரிப்பு. கீழ படுக்கைல இருந்தவுகள்லாம் எந்திரிச்சுட்டாங்க.”

“பின்னாடி எழுத்து இருந்துச்சு.”

“பாத்தேன்க்கா.” முத்துப்பேச்சி குரல் கொஞ்சம் இறங்கியது. “பகீர்னு ஆகிப்போச்சு. இந்தா, இவுகதான் பக்கத்துக் கட்டுலு,” என்று அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த தடித்த அம்மாளைக் காட்டினாள். “தூக்கி வெளிய எறிடி, எறிடின்னு ஒரே கத்து. நானும் எடுத்துட்டு ஓடுறேன், குப்பத்தொட்டிகிட்ட போயிட்டேன். போடுறதுக்கு முன்னாடி யாரு எவருன்னு ஒரு தடவ படிப்போம்னு வெளக்குக் கீழ நின்னு படிச்சேன். தொண்ணூத்தி நாலுன்னு போட்ருக்கு. தொண்ணூத்தி நாலாவது வயசுல!” அவள் கண்ணை அகல விரித்தாள். “எங்க ஊர்ல வயசாளி செத்தா, தூக்கிட்டுப் போற தேருல இருந்து காசு எறிவாங்கள்ல, அதப் பொறக்கிட்டு வந்து புள்ளைக அருணாக்கயித்துல கட்டிவிடுவோம். அந்த ஆயுசு இதுக்கும் வரட்டும்னு. அந்தக் காசுக்கு அடிதடியே நடக்கும். இங்க என்னான்னா, நம்ம தேடாம நம்ம புள்ள கையில வந்து விழுந்துருக்கு. எறிவனா நானு? ராத்திரி பூரா அது தலகாணிக்கு அடியிலதான் இருந்துச்சு. உள்ள கொண்டுபோக விடல, அதான் நான் வச்சிருக்கேன்.” இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து, அதிலிருந்து கிளியையும் பட்டையையும் எடுத்தாள். மூக்கில் ஒரு மடிப்பு விழுந்திருந்தது. பின்பக்கம் கறுப்புக் கரைக்குள் ஆவுடையப்பன் முழுசாக இருந்தார்; எண்ணின் மேல் யாரோ மஞ்சள் தடவியிருந்தார்கள்.

“யாருக்கா இவரு?”

“என் மாமனார்.”

“நல்ல மனுசரா?”

மங்கையர்க்கரசி பட்டையைக் கையில் வாங்கினாள். வாங்கி ஒட்டுவதற்குத்தான் வந்தாள், ஒட்டுவதற்கு ஒன்றுமில்லை. இத்தனை வருஷம் அவர்மேல் அவள் வைத்திருந்த குற்றம் ஒன்றே ஒன்றுதான், அவர் போகாமல் இருந்தார் என்பது. அதைத்தான் இவள் மஞ்சள் தடவி இடுப்பில் முடிந்திருக்கிறாள். “நல்லா சாப்பிடுவார்” என்றாள். வேறு உண்மையாகச் சொல்ல அந்த நேரத்தில் ஒன்றும் வரவில்லை.

“சீக்கு எதுவும்?”

“ஒரு தலைவலி மாத்திரைகூடப் போட்டதில்ல.”

முத்துப்பேச்சி “யப்பா” என்று பட்டையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவர் தலைக்கு இப்படி ஒரு மரியாதை அவர் இருந்த நாளில் கிடைத்ததில்லை. அதைப் பார்த்ததும் மங்கையர்க்கரசிக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்புக் கிளம்பியது. ஆஸ்பத்திரியில் சிரிக்கக் கூடாது என்று வாயைப் பொத்தினாள், விரலிடுக்கு வழியாக வந்துவிட்டது. பொத்திய கையில் பசை வாசனையும் துரு வாசனையும் இருந்தன. அடுப்படியில் நின்று நினைத்த நினைப்பும் எங்கோ பக்கத்தில்தான் இருந்தது, ஆனால் அதற்கு இப்போது பல் இல்லை. நினைத்தது நடக்கவில்லையே, அவர் பாட்டுக்கு இருந்தாரே, இருந்து இருந்து இப்படி ஒரு எண் சேர்த்து வைத்தாரே. என்ன சிரிக்கிறீங்க என்று முத்துப்பேச்சி கேட்டாள். ஒன்றுமில்லை, சந்தோஷம் என்றாள். அது பொய்யில்லை.

பக்கத்துக் கட்டில் அம்மாள் இவ்வளவு நேரமும் வெற்றிலை மெல்லுகிறவள்போல் சும்மா வாயை அசைத்துக்கொண்டிருந்தாள். மெதுவாக நகர்ந்து வந்தாள். “ஏம்மா, நாந்தேன் நேத்துக் கத்துனது. மனசுல வச்சிக்கிறாத. எந்தங்கச்சி மவனுக்கு வெள்ளிக்கிழம அறுக்குறாக. அந்தப் பத்திரிக இன்னும் வீட்ல மிச்சம் மீதி இருக்குமா?”

“இருக்கும்மா” என்றாள் மங்கையர்க்கரசி. “நிறைய இருக்கு. வெள்ளிக்கிழமைக்கு முன்னாடியே செஞ்சு கொண்டாரேன். பையனுக்கு என்ன பறவை வேணும்னு கேட்டுச் சொல்லுங்க. மயிலா, மீன்கொத்தியா?”

“பறவ கெடக்குது தாயி,” என்றாள் அந்த அம்மாள். “வயசு போட்ருக்கிற எடத்தப் பாத்து வெட்டிக் கொண்டா.”